ஒரே நாளில் பிறந்த இரண்டு மாவட்டங்கள்... ரமணாசிரம வாசலில் ஒரு வரவு செலவுக் கணக்கு!

காலை ஏழு மணி. திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்ச். ஒரு பக்கம் காவி வேட்டி சாது, மறுபக்கம் வெள்ளை ஜிப்பா போட்ட வெளிநாட்டுக்காரர், நடுவில் நான். உள்ளே எங்கோ மயில் அகவுகிறது. எதிரே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார் மாமா.

"இவ்ளோ கூட்டம் வருதே மாமா, நம்ம மாவட்டம் இந்நேரம் பணக்கார மாவட்டமா ஆகியிருக்கணுமே?"

"சீசன் நாலு மாசம்தாம்மா. மார்ச்ல வெயில் ஏறிடுச்சுன்னா இந்த ரோட்டுல ஈ, காக்கா இருக்காது. அப்புறம் பௌர்ணமிதான் சோறு போடும்."

1922-ல் ரமணரின் தாயார் சமாதியை ஒட்டி ஒரு குடிசையாக ஆரம்பித்த இடம் இது. இன்று இந்தச் சாலை முழுக்க பேக்கரி, காபி கடை, வாடகை அறைகள். இதை மட்டும் பார்த்தால் ஊரே செழிப்பாகத் தெரியும். மாவட்டத்தைப் பார்த்தால் கதை வேறு.

அண்ணன் வேலூர், தம்பி திருவண்ணாமலை

1989 செப்டம்பர் 30-ல் பழைய வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிறந்த நாள் ஒன்றுதான், சீர்வரிசை ஒன்றல்ல. வேலூர் பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் போனது. 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி-யும், 1984-ல் பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்த வி.ஐ.டி-யும் அங்கேதான். நமக்கு நெல், மல்லாட்டை, ஆரணிப் பட்டு, ஜவ்வாது மலைச் சாமை. செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனிகள் எல்லாம் பிறகு வந்தவை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு வேலூரில் 79 சதவிகிதம், இங்கே 74.

சரி, இன்று இரண்டையும் ஒப்பிடலாமா? அங்கேதான் சிக்கல். 2019-ல் வேலூரே மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ராணிப்பேட்டை தனி மாவட்டம். ஒரு தொழிற்சாலையும் மூடப்படவில்லை என்றாலும், வேலூரின் உற்பத்திக் கணக்கு காகிதத்தில் சுருங்கிவிடும்.

நைஜீரியா சொல்லும் பாடம்

நாடுகளுக்கும் இது நடக்கும். 2014 ஏப்ரலில் நைஜீரியா தன் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றியது. செல்போன், சினிமா என்று அதுவரை சரியாகக் கணக்கில் ஏறாத தொழில்கள் உள்ளே வந்தன. 2013-ன் மொத்த உற்பத்தி சுமார் 27,000 கோடி டாலரிலிருந்து 51,000 கோடி டாலராகத் தாவியது. தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவிலேயே முதலிடம்! ஆனால், நைஜீரியாவின் மக்கள்தொகை தென்னாப்பிரிக்காவைப்போல மூன்று மடங்கு. தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் தென்னாப்பிரிக்காதான் முன்னால் நின்றது. லாகோஸ் தெருவில் கடை போட்டவருக்கு அன்று ராத்திரி கல்லாவில் ஒரு காசும் கூடியிருக்காது.

எங்கள் வீட்டுக் கணக்கும் இப்படித்தான். சொந்த ஊர் போளூர். அக்காவுக்கு வேலை ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில். அவள் தைக்கிற ஒவ்வொரு ஜோடியும் ராணிப்பேட்டை உற்பத்தியில் சேரும். அவள் அனுப்பும் பணத்தில்தான் போளூரில் அடுப்பு எரிகிறது. அந்தப் பணம் திருவண்ணாமலை உற்பத்தியில் வராது. மாமாவின் ஆட்டோ வரும்படி இந்த மாவட்டத்தில்தான் சேர வேண்டும். ஆனால், ரசீது இல்லாத தொழில் என்பதால், அது ஓர் உத்தேச மதிப்பீடுதான்.

இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். "உத்தேசமா போடுறவங்க மே மாசத்துல வந்து பார்க்கட்டும்!"

அடுத்த முறை நீங்கள் இங்கே வரும்போது கார்த்திகை கூட்டத்தைப் பார்த்து மட்டும் ஊரை எடை போடாதீர்கள். ஒரு மே மாதத்திலும் வாருங்கள். 2024 முதல் சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வழியாக நேரடி ரயில் வருகிறது. லீவு கிடைத்தால் அக்காவும் அதில்தான் வருவாள்.