ஒரு நாளில் எத்தனை தீவு?

களுபோவிலவிலுள்ள எம் இல்லத்திலிருந்து மேற்கே சென்றால் தெகிவளைக் கடற்கரை வந்துவிடும். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் நீரேயன்றி நிலத்திட்டு ஒன்றேனும் தென்படாது. நெடுந்தீவிற் பிறந்து, மணமாகிக் கொழும்புக்கு வந்த என் மாமிக்கு அதுவே நெடுநாட் குறை. "தீவில்லாத கடலும் ஒரு கடலோ, தம்பி?" என்பார்.

அவருக்கு 78 வயது நிறைந்த ஆண்டில் அக்குறையைத் தீர்க்க எண்ணினேன். சோளகக் காற்று எழுந்தால் கடல் கொந்தளிக்குமாதலின் பங்குனி மாதத்தைத் தெரிந்தேன். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கையும் ஒரே பகலிற் கண்டு வருவதென்று தாளில் அழகாகத் திட்டமும் வரைந்தேன்.

யாழ்ப்பாணம் சென்றதும் உறவினர் ஒருவர் அத்தாளைப் பார்த்து நகைத்தார். அனலைதீவு, எழுவைதீவுப் படகுகள் ஊர்காவற்றுறையிலிருந்து புறப்படுவன. நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகளோ புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்து புறப்படுவன. இரு துறைகளுக்குமிடையே தரைவழியே ஓடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுமன்றோ? ஆதலால் இரண்டு தீவுகளே எஞ்சின.

அவற்றுள் எது முதல்? நயினாதீவுக்கு அடிக்கடி படகுண்டு. கடற்பயணமும் சிறிது நேரமே. நெடுந்தீவுக்கோ நாளொன்றுக்குச் சில படகுகளே. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தீவிலேதான். எனவே காலையில் நெடுந்தீவு, மாலையில் நயினை நாகபூசணி அம்மன் ஆலயம் என முடிவாயிற்று. அம்மனுக்கு மாமியின் நேர்த்திக்கடனும் ஒன்றிருந்தது.

விடியுமுன் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியே 30 கிலோமீற்றருக்கு மேற் சென்று குறிகட்டுவானில் முதற் படகேறினோம். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவின் 'டெல்ப்ற்' என்னும் பெயரே இன்றும் வழங்குகிறது.

மாவிலித் துறையில் இறங்கியதும் மாமி நின்றுவிட்டார். 1985 மே 15ஆந் திகதி 'குமுதினி'ப் படகிற் சென்ற குழந்தைகள், பெண்கள் உட்பட 20க்கு மேற்பட்டோர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். அவர்களின் நினைவுத்தூபி முன் அவர் நெடுநேரம் பேசாது நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பின்னர் நாணி, கையை மறைத்துக்கொண்டேன்.

அப்பால் முச்சக்கர வண்டியில் ஊரைச் சுற்றினோம். சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகள், வெளியில் மேயும் குதிரைகள், பருத்த பெருக்கு மரம் யாவும் கண்டோம். மாமியோ இடிந்து கிடந்த தம் பிறந்த மனையின் கல்வேலியில் அமர்ந்து, எழ மனமின்றி இருந்தார். நாம் குறித்த படகு போய்விட்டது. அடுத்த படகில் மீண்டபோது அந்தி மயங்கிற்று. அன்றிரவே கொழும்புக்குப் புகைவண்டி. நயினை தப்பிற்று.

"நேர்த்தி நின்றுபோயிற்றே, மாமி" என்று வருந்தினேன்.

"அம்மன் காத்திருப்பா, தம்பி. அடுத்த முறை வர எனக்கும் ஒரு சாட்டு வேணுமே" என்றார்.

தீவு காணப் புறப்படும் அன்பர்களே, படகு நேரத்தை முன்னரே கேட்டறியுங்கள். குடிநீரும் குடையும் கொண்டு செல்லுங்கள். உடன் வருபவர் அம்மண்ணிற் பிறந்தவராயின், ஒரு நாளுக்கு ஒரு தீவே போதும்.