அளவுநாடாவும் அவசரத் தீர்ப்பும்

அமெரிக்க நாட்டுப் பங்கு ஒன்றில் நாம் சில திங்கள் பணியாற்றிய காலை, பங்கு மண்டபத்தில் தடுப்புச் சுவர் ஒன்று எழுப்ப நேர்ந்தது. அந்நாட்டில் இல்லங்கள் பெரும்பாலும் மரச் சட்டங்களாலேயே எழுகின்றன. 16 அங்குலத்திற்கு ஒன்றாகச் சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் பலகை அறைந்தால் சுவர் ஆயிற்று. ‘இரண்டுக்கு நான்கு’ எனப்படும் சட்டங்களைப் பங்குப் பணத்தில் அன்பர் ஒருவர் வாங்கி வந்து இறக்கினார்.

நாம் அளவுநாடாவால் ஒன்றை அளந்தோம். தடிப்பு 1½ அங்குலம். அகலம் 3½ அங்குலம். மற்றவையும் அவ்வாறே. சீட்டில் ஓரளவு, கையில் ஓரளவு! கோயில் பணத்தில் இவர் கைவைத்தாரோ என நம் உள்ளம் கசந்தது. மறுநாள் அவர் வணக்கம் கூறியபோது முகங்கொடுத்துப் பேசவில்லை.

அங்கு உழைத்த முதிய தச்சரிடம் இதனைக் குறிப்பிட்டோம். அவர் நகைத்தார். “தந்தையே, அது முன்னாளில் பச்சை மரத்தை அறுத்த அளவின் பெயர். ஈரம் வற்றினால் மரம் சுருங்கும். நாற்புறமும் இழைத்தால் இன்னும் குறையும். வற்றாத மரத்தை நிறுத்தினால் சுவர் கோணிவிடும்” என்றார்.

பின்னர் விவரம் அறிந்தோம். முற்காலத்தில் ஆலைக்கு ஆலை அளவு வேறுபட்டது. 1924-இல் அந்நாட்டு வணிகத் துறையின் முயற்சியால் பொது அளவுமுறை பிறந்தது. 1970-இல் வெளியான விதி 1½, 3½ என்பதை உறுதி செய்தது. ஈரம் 19 விழுக்காட்டிற்கு மிகாத மரமே உலர்ந்த மரம் எனப்படும். ‘இரண்டுக்கு ஆறு’ என்பதன் அகலம் 5½. ‘இரண்டுக்கு எட்டு’ என்பதற்கு 7¼. எல்லாரும் அறிந்து ஒப்பிய அளவு. அறியாதவர் நாம் ஒருவரே!

அந்த அன்பரிடம் சென்று மன்னிப்பு வேண்டினோம். “எதற்கு, தந்தையே?” என வியந்தார். கூறினோம். அவர் சிரித்தவாறே ஆணிப் பெட்டியை நம் கையில் கொடுத்தார். அன்று மாலை இருவரும் சேர்ந்தே சட்டங்களை நிறுத்தினோம்.

அன்பர்களே, பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளை நாவிற்கு மட்டும் உரியதன்று, உள்ளத்திற்கும் உரியது. கணவன் மனைவியையும், மாமியார் மருமகளையும், அண்ணன் தம்பியையும் நம் இல்லங்களில் நாள்தோறும் அளக்கின்றோம். அளந்து குறை கண்டதும் தீர்ப்புக் கூறுகின்றோம். அதற்குமுன் அவரிடமே அன்போடு ஒரு கேள்வி கேட்டால் என்ன? நாம் அன்று கேட்டிருந்தால், ஒரு நல்லவர் வணக்கம் மறுமொழியின்றிப் போயிராது.