விசா கேட்கும் நிலப்பத்திரம்

எங்கள் காலனித் தம்பி ஒருவனுக்கு ஜெர்மனியில் முதுகலை இடம் கிடைத்தது. அரசுப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் கிடையாது. எல்லோரும் கொண்டாடினோம். பிறகுதான் விசா விதியைப் படித்தோம்: ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 10 லட்சத்துக்கு மேல். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் யார் போடுவது? ஊர்த்தெருவில் ஒரு வயலின் பத்திரம் அந்தத் தொகையைப் புரட்டித் தரும். எங்களிடம் அடமானம் வைக்க ஒரு சென்ட் நிலமில்லை. விதியில் சாதி இல்லை. அது கேட்கும் சொத்தில் இருக்கிறது.

அந்த வாசலைத் தாண்டியவர்களுக்கு மேலே வழி உண்டு. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம். படிப்புக்கேற்ற வேலையும் ஜெர்மன் மொழியும் கைவந்தால் 2 ஆண்டுகளில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

அந்த வைப்புத்தொகைக்குப் பதில் உதவித்தொகைக் கடிதத்தையும் ஏற்பார்கள். இது எங்களுக்குத் தெரிந்தபோது சேர்க்கைத் தேதி முடிந்திருந்தது. தம்பி இன்னும் இங்கேதான் இருக்கிறான்.

தோழர்களே, பட்டம் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். பாஸ்போர்ட், சாதிச் சான்று, வருமானச் சான்றை இப்போதே எடுங்கள். பட்டியல் சாதியினருக்கான ஒன்றிய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை விதிகளை இன்றே படியுங்கள். 1913-இல் அண்ணல் கொலம்பியா போனதும் பரோடா உதவித்தொகையில்தான். அது சலுகையல்ல, நம் உரிமை.

ஜெய்பீம்!