கோல் வளைய வேண்டும்



இலக்கணப் பயிற்சிகளையும் கட்டுரைக் குறிப்புகளையும் எதிர்பார்த்து இவ்வலைப்பூவிற்கு வருகை தரும் ஆசிரியர்களும் பெற்றோர்களும், இன்று தூண்டில் கோலைப் பற்றிய பதிவைக் கண்டு வியப்படையக்கூடும். என் ஆசிரியப் பணியில் நான் செய்த தவறு ஒன்றை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அந்தத் தவறு ஒரு தூண்டில் கோலில் தொடங்கியது.

எங்கள் தைப்பிங் ஈயத்தால் எழுந்த ஊர். 1840-களில் லோங் ஜாபார் லாருட் பகுதியில் ஈயத்தொழிலை வளர்த்த காலந்தொட்டுத் தோண்டப்பட்ட குழிகள், பின்னாளில் நீர் நிரம்பிக் குளங்களாயின. தைப்பிங்கின் புகழ்பெற்ற ஏரிப் பூங்காவும் 1880-இல் கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் உருவானதுதான். அத்தகைய ஈயக்குட்டைகள் பேரா மாநிலமெங்கும் இன்றும் கிடக்கின்றன. அவற்றில் ஹாருவான் எனப்படும் விராலும், அதன் பெரிய உறவான தோமானும் வாழ்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பீக்காக் பாஸ் மீனும் பல குட்டைகளில் பெருகிவிட்டது. வாலில் மயிற்கண் போன்ற புள்ளி உடைய அம்மீன் நம் நாட்டுச் சிறுமீன்களை விழுங்குவதால் இயற்கைக்குக் கேடுதான். எனினும் தூண்டிற்காரர்களுக்கு அதன்மேல் தீராத மோகம்.

2023-இல் என்னிடம் பயின்ற ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கு மட்டம் போடுவான். வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன். அவன் ஈயக்குட்டையில் தூண்டில் போடுவதாக மற்ற மாணவர்கள் கூறினர். தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் அவன் தாயாரை அழைத்துப் பேசினேன்.

"நான் என்ன செய்யட்டும் சார்?" என்று கேட்டார்.

"முதலில் அந்தத் தூண்டிலை அப்புறப்படுத்துங்கள் அம்மா" என்றேன்.

அவர் அவ்வாறே செய்தார். கோல், பழைய இரும்பு வாங்குபவரின் லாரியில் ஏறிப் போயிற்று. மாணவனும் நாள் தவறாமல் பள்ளிக்கு வரத் தொடங்கினான். வருகைப் பதிவேட்டைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். ஆனால் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் 'எனது பொழுதுபோக்கு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். அவன் எழுதியது ஒரே வரி: "எனக்குப் பொழுதுபோக்கு இல்லை."

அன்று மாலை அவன் தாயாரிடம் மீண்டும் பேசியபோதுதான், அது தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவன் தாத்தாவின் கோல் என்பது தெரியவந்தது. தாத்தா காலமாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அது யாருடைய கோல் என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. பழைய இரும்புக் கடைகளில் தேடியும் கோல் கிடைக்கவில்லை.

குற்ற உணர்ச்சியுடன் தூண்டில் கடை ஒன்றிற்குச் சென்றேன். எனக்கு அத்துறையில் எதுவும் தெரியாது. விலை உயர்ந்ததே சிறந்தது என்றெண்ணி, கரிம இழையில் செய்த விறைப்பான கோலையும், பின்னல் நூலையும், மீன்குஞ்சைப் போன்று நீரில் மூழ்கி நீந்தும் போலி இரைகள் சிலவற்றையும் வாங்கினேன். மறுநாள் மாணவனிடம் கோலைக் கொடுத்தேன். அவன் நுனியை மெல்ல அழுத்திப் பார்த்தான்.

"ஐயா, இது புல்லுக்குள்ள தவளை போட்டு ஹாருவான் பிடிக்கிற கோல். இழுத்துக்கிட்டே வர்ற இரைக்கு இது ஆகாது" என்றான்.

மூன்று வாரங்களில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

அடுத்த சனிக்கிழமை, தாயாரையும் உடன் அழைத்துக்கொண்டு குட்டைக்குச் சென்றோம். நானே வீசிப் பார்த்தேன். இருமுறை மீன் கடித்தது, இருமுறையும் தப்பியது. காரணத்தை அவன் விளக்கினான். ஓடும் இரையைக் கடிக்கும் மீன், அதைப் பின்தொடர்ந்து வந்து வாயில் கவ்வுகிறது. விறைப்பான கோலும் நீளாத நூலும் இருந்தால், மீன் வாயை மூடுவதற்குள் நாம் இரையைப் பிடுங்கிவிடுகிறோம். அப்படியே மாட்டினாலும், இத்தகைய இரையில் உள்ள சிறிய மும்முனை முட்கள் மீனின் வாய்த்தோலில் மேலாகவே பற்றியிருக்கும். மீன் துள்ளும்போது எதுவும் வளைந்து கொடுக்காவிட்டால் தோல் கிழிந்து முள் கழன்றுவிடும். பாதிவரை வளையும் கோலாக இருந்தால், அந்தத் துள்ளலைக் கோலே ஏற்றுக்கொள்ளும். புற்களுக்கிடையே தவளை போடுபவருக்கோ பெரிய முள்ளை ஆழப் பதிக்கவும், மீனைப் புல்லிலிருந்து உடனே இழுத்தெடுக்கவும் வலிமை வேண்டும். ஆகவே அவருக்கு விறைப்பான கோலும் பின்னல் நூலுமே பொருத்தம்.

"தாத்தா கோல் நல்லா வளையும் ஐயா" என்றான். கண்ணாடி இழையில் செய்த அந்தப் பழைய கோலே இவ்வேலைக்கு ஏற்றது என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைக்குக் கோல் வாங்க எண்ணும் பெற்றோர்களுக்காக, பின்னர் நான் கற்றவற்றைத் தருகிறேன். கோலின் வலிமை வேறு, வளைவு வேறு. வலிமை என்பது எவ்வளவு பாரம் தாங்கும் என்பது. வளைவு என்பது எந்த இடத்திலிருந்து வளையும் என்பது. கைப்பிடிக்கு மேலே நூலின் அளவும் இரையின் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். ஓடும் இரைக்கு ஆறரை முதல் ஏழடி நீளமும், நடுத்தர வலிமையும், நடுப்பகுதிவரை வளையும் தன்மையும் உடைய கோல் போதும். 7 முதல் 21 கிராம் வரை எடையுள்ள இரைகளை அது வீசும்.

நூலிலும் மூன்று வகை உண்டு. நம்மவர் தங்கூசி என்று அழைக்கும் நைலான் நரம்பு இழுத்தால் நீளும். மும்முனை முள்ளுக்கு அந்த நெகிழ்ச்சி நன்மையே. அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.14. ஃபுளோரோகார்பன் நரம்பின் அடர்த்தி 1.78 அளவு இருப்பதால் அது விரைந்து மூழ்கும். ஆழத்தில் ஓடும் இரைக்கு அது உதவும். நீர்மட்டத்தில் துள்ளும் இரையையோ கீழே இழுத்துக் கெடுத்துவிடும். பின்னல் நூல் மிதக்கும், வலிமை மிகுதி, ஆனால் நீளாது. தொடங்குவோருக்கு 10 அல்லது 12 இராத்தல் நைலான் நரம்பே போதுமானது, விலையும் குறைவு.

மற்றொன்றையும் மறவாதீர்கள். ஈயக்குட்டைகளின் கரை திடீரென ஆழத்தில் சரியும். மணலும் காலடியில் இடியும். பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளை அங்கே அனுப்பாதீர்கள். திங்கட்கிழமைகளில் அவன் அங்கே தனியாக இருந்தான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சம் பதறுகிறது. அவன் தாயார் அஞ்சியதில் நியாயம் இருந்தது. தூண்டிலை எடுத்துவிடச் சொன்ன நான், அவனோடு ஒருவர் துணைக்குச் செல்ல வழி கண்டிருக்கவேண்டும்.

அடுத்த வாரம் இருவருமாகக் கடைக்குச் சென்று கோலை மாற்றினோம். ஒவ்வொரு கோலிலும் அச்சிட்டிருந்த எண்களை அவனே படித்துச் சொன்னான். கடைக்காரர் கேட்ட கேள்விகளுக்கும் அவனே விடையளித்தான். அதன்பின் திங்கட்கிழமைகளில் பள்ளிக்கு வந்தான். சனிக்கிழமைகளில் மாமாவுடன் குட்டைக்குப் போனான். ஆண்டிறுதிக்குள் தூண்டிலைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதினான். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன. இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். வாசிப்பு இன்னும் அவனுக்குக் கடினமாகத்தான் இருக்கிறது.

சென்ற தீபாவளிக்கு வீட்டிற்கு வந்திருந்தான். "அந்தக் கோல் நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு ஐயா" என்றவன், சற்றுப் பொறுத்து, "ஆனா தாத்தா கோல் மாதிரி இல்ல" என்றான்.

உண்மைதான். மன்னிப்புக் கேட்டேன். பதில் சொல்லாமல் தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக் கடித்தான். போகும்போது, மழை விட்டதும் குட்டைக்கு வருமாறு என்னை அழைத்துவிட்டுப் போனான். தைப்பிங்கில் மழை எப்பொழுது விடும் என்று யாருக்குத் தெரியும்! நான் என் கோலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.