வில்லனுக்கு ஒரு ஒப்பாரி!

பாண்டிச்சேரின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பீச் ரோடு, மஞ்சள் பெயின்ட் அடிச்ச பிரெஞ்சு வீடுகள், ஆரோவில் உருண்டை... அப்புறம் இன்னொண்ணு. அதை நான் சொல்ல வேண்டாம், உங்க சிரிப்பிலேயே தெரியுது! அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வாரம் உங்களை நான் கூட்டிட்டுப் போறது செலியமேட்டுக்கு.

பாண்டி பஸ் ஸ்டாண்டுல இருந்து கடலூர் ரோட்டைப் பிடிங்க. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி கன்னியக்கோயில்ல மேற்கே திரும்பினா பாகூர். அங்க ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்பினா செலியமேடு பக்கம்தான். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு பாகூரைச் சொல்லுவாங்க. தென்பெண்ணையாத்துத் தண்ணி பங்காரு வாய்க்கால் வழியா வந்து பாகூர் ஏரியை நிரப்புது. ஏரி நிரம்பினா வயல் பச்சை. கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி!

சின்னதா ஒரு பெருமை. 'எங்க காலேஜ் நூறு வருஷப் பழசு'ன்னு பீத்திக்கிறவங்க உங்க கிளாஸ்ல இருந்தா, பாகூர் செப்பேட்டைப் பத்திச் சொல்லுங்க. 9-ஆம் நூற்றாண்டுல, நிருபதுங்க பல்லவன் காலத்துல, பாகூர்ல இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, மூணு கிராமங்களைத் தானமா விட்டிருக்காங்க. அங்க படிச்ச பசங்களும் மரத்தடியில உட்கார்ந்து எதையாவது பத்தி வாய் கிழிய வாதாடியிருப்பாங்க. நாங்களும் அதைத்தான் செஞ்சோம். என்ன, எங்க சப்ஜெக்ட் கார்ட்டூன்!

நாலு பேர் கிளம்பினோம். செலியமேடு எங்க ஃப்ரெண்டோட ஆயா வீடு. பக்கத்து ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழா, மறுநாள் காலையில படுகளம், 'வந்து பாருங்கடா'ன்னு கூப்பிட்டிருந்தான். பஸ் கிளம்பி அரியாங்குப்பம் வர்றதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிடுச்சு. சண்டைக்குக் காரணம் அஸூலா.

அஸூலா யாருன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. 2005-ல இருந்து 2008 வரைக்கும் வந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் (நீலக்கலர் ஆளுங்க வர்ற அவதார் இல்லீங்க, இது வேற!). அதுல தீ தேசத்து இளவரசி அஸூலா. பதினாலு வயசுப் பொண்ணு. கையில நீலத் தீ, வாயில தேன் தடவின விஷம். ஹீரோவை முதுகுல மின்னல் விட்டுச் சாய்ப்பா. அவளோட அண்ணன் ஸூகோ. அவனும் முதல்ல வில்லன்தான். பெத்த அப்பனே முகத்துல தீயால சூடு போட்டு நாட்டை விட்டுத் துரத்தின பையன். பின்னாடி அவன் திருந்தி ஹீரோ பக்கம் வந்துடுவான். அஸூலா திருந்தல. கடைசியில எல்லாரும் விட்டுப் போக, புத்தி பேதலிச்சு, சங்கிலியில கட்டிக் கிடந்து கதறுவா. அதோட கதை முடிஞ்சிடும். ஆனா ரசிகர்களுக்கு முடியல! 'அவ பாவம், அம்மா பாசம் கிடைக்காத குழந்தை, அவளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்க'ன்னு ஒரு கூட்டம். 'செஞ்சது கொஞ்சமா நஞ்சமா'ன்னு இன்னொரு கூட்டம். 2023-ல அவளை மட்டுமே வெச்சு ஒரு காமிக்ஸ் புத்தகம் வந்துச்சு. அதுல அவளுக்கு மனசு மாற ஒரு வழி திறக்குது. உதறிட்டுப் போயிடுறா. சண்டை இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

எங்க குரூப்ல சைக்காலஜி படிக்கிற தோழி அஸூலா கட்சி. "பதினாலு வயசுடா அவளுக்கு. அந்த வயசுல நீ என்ன பண்ணிட்டு இருந்த?" என்பது அவளோட வாதம். செலியமேட்டு ஃப்ரெண்ட் எதிர்க்கட்சி. சாதாரணமா எல்லாத்துக்கும் சிரிக்கிற பய, இதுக்கு மட்டும் முகம் சிவக்கக் கத்தினான். "பாவம் பாவம்னு சொல்லியே எல்லாரையும் தப்ப விட்டுடுங்க!" கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஆயா வீட்டுத் திண்ணையில சாயங்காலம் சுண்டலோட அதே பஞ்சாயத்து தொடர்ந்துச்சு. ஆயாவுக்கு ஒண்ணும் புரியல. "யாருடா அவ, உங்க காலேஜுல படிக்கிற பொண்ணா?"ன்னாங்க. சிரிச்சு முடிச்சிட்டு ரெண்டு நிமிஷத்துல கதையைச் சொன்னோம். கவனமா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க...

"அந்த அண்ணங்காரன் போயி மன்னிப்பு கேட்டானா?"

"கேட்டான் ஆயா. நேராப் போய் நின்னு கேட்டான். அவங்க நம்பவே இல்ல. ஒரு பொண்ணு 'ஏதாவது பண்ணினே, தொலைச்சிடுவேன்'னு மெரட்டுவா. அதையும் கேட்டுக்கிட்டு நின்னான்."

"அவ கேட்டாளா?"

"இல்ல."

"அப்பொறம் இன்னாத்துக்கு ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சிப் பேசறீங்க?" வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டு, "நாளைக்கி துரியோதனனைப் பாக்கப் போறீங்கல்ல, வந்து பேசுங்க" என்று எழுந்து போயிட்டாங்க.

படுகளம்னா என்னன்னு ஊர்ப் பக்கம் வளர்ந்தவங்களுக்குத் தெரியும். சிட்டி ஆளுங்களுக்காகச் சொல்றேன். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்கள் ஏராளம். திருவிழா வந்தா பகல்ல பாரதப் பிரசங்கம். வில்லிபாரதத்தைப் பாட்டும் கதையுமா ஒருத்தர் சொல்லுவார். ராத்திரி அதே கதை தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு, துகிலுரிதல், கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம்னு ராத்திரிக்கு ஒண்ணா நடக்கும். கடைசி ராத்திரி பதினெட்டாம் போர். விடிஞ்சா படுகளம். சாயங்காலம் தீமிதி.

கூத்துல வில்லனுக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார்த்தா நம்ம மாஸ் ஹீரோக்களுக்கே பொறாமை வரும். ரெண்டு பேர் திரை பிடிச்சிருப்பாங்க. பின்னாடி நின்னு பாட்டு. மத்தளம் ஏறும், முகவீணை இழையும். கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன அவன் வெளியில வந்து சுத்துற சுத்துல புழுதி பறக்கும். 'யாருய்யா நீ'ன்னு கட்டியங்காரன் நக்கலா கேட்க, தன் பெருமையை அவனே சொல்லுவான். பாதி ராத்திரிக்கு நீங்க துரியோதனன் ரசிகர் ஆகிடுவீங்க, கேரண்டி!

ஆனா துகிலுரிதல் அன்னிக்கு நடக்கிறதுதான் என்னை அசத்தின விஷயம். துச்சாதனன் வேஷக்காரர் புடவையில கை வைக்கிறதுக்கு முன்னாடி கூத்து நின்னுடும். கற்பூரம் ஏத்துவாங்க. அத்தனை நேரம் உறுமிக்கிட்டு இருந்தவர், திரௌபதியா நிக்கிறவர் முன்னாடி, நானா செய்யலம்மா, வேஷம் செய்யுதுன்னு கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். சில பேர் அந்த இடத்துல ஆவேசம் வந்து விழுந்துடுறதும் உண்டு. மன்னிப்புக் கேட்டுட்டு, அப்புறம்தான் இழுப்பார். ஆமா, மன்னிப்புக் கேட்டதால கதை மாறிடாது.

மறுநாள் காலையில ஆயாவோட போனோம். திடல்ல துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். களிமண்ணு உருவம், ஒரு வீட்டு நீளம் இருக்கும். முறுக்கு மீசை, முட்டைக் கண்ணு, கிரீடம், கையில கதை. வேஷம் கட்டின பீமனும் துரியோதனனும் அந்த மண்ணு உடம்பைச் சுத்திச் சுத்தி ஓடி அடிச்சுக்கிறாங்க. ராத்திரி முழுக்க ஆடின உடம்புகள், குரல் கட்டிப் போச்சு, ஆனா வேகம் குறையல. கிருஷ்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுறார். அடி விழுது. மண்ணு தொடைக்குள்ள புதைச்சு வெச்சிருந்த செந்தண்ணி பீச்சிக்கிட்டு வருது. அதைத் தொட்டு திரௌபதி கூந்தல் முடியறா. 'கோவிந்தா'ன்னு ஜனம் மொத்தமும் கத்துது. என் பக்கத்துல நின்ன எதிர்க்கட்சி நண்பன் கையை ஓங்கிக் கத்தினான்.

சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். முடியல.

துரியோதனன் பொண்டாட்டி பெருந்திருவாள் வர்றா. ஆம்பளை கட்டின வேஷம்தான். மண்ணு மார்பு மேல விழுந்து ஒப்பாரி. அஞ்சு நிமிஷம் முன்னாடி கோவிந்தா போட்ட அதே ஜனத்துல பொம்பளைங்க முந்தானையால மூக்கைச் சிந்துறாங்க. திரும்பிப் பார்த்தா ஆயா அழுவுறாங்க. நிஜ அழுகை. சைக்காலஜி தோழி முழங்கையால என்னை இடிச்சா, 'பார்த்தியா, நான் ஜெயிச்சுட்டேன்'கிற மாதிரி.

திரும்பி வர்ற வழியில அவளே கேட்டா. "ஆயா, அப்போ துரியோதனனை மன்னிச்சிட்டீங்கதானே?"

ஆயா நின்னுட்டாங்க. "மன்னிச்சிட்டா அப்பொறம் அவ எதுக்குக் கண்ணு கூந்தல் முடியணும்? செஞ்சதுக்கு வாங்கிக்கினான். வாங்கிக்கினான்னு எனுக்கு சந்தோசம்தான். செத்தவன் பொண்டாட்டி அழுவுறா, நானும் அழுவுறேன். அது வேற, இது வேற."

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில படுத்துக்கிட்டு நண்பன் அவனாவே பேசினான். அவன் தாத்தாவுக்கு ஒரு காணி நிலம் இருந்துச்சாம். சாராயக்கடைக்கே அது போச்சு. ஆயா நடவு நட்டு, களை எடுத்துத்தான் பிள்ளைங்களை ஆளாக்கினாங்க. அடிப்பாராம். தாத்தா செத்த அன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாம், பாவம், மனுஷன் தங்கமானவரு, குடிதான் கெடுத்துச்சுன்னு பேச, நெஞ்சுல அடிச்சு அழுதுக்கிட்டு இருந்த ஆயா நிமிர்ந்து பார்த்து, "தங்கம்னு மட்டும் சொல்லாதீங்க"ன்னு சொல்லிட்டு, மறுபடி அழ ஆரம்பிச்சாங்களாம். அவனுக்கு அப்போ எட்டு வயசு. பஸ்ல அவன் ஏன் அப்படிக் கத்தினான்னு எனக்கு அப்பதான் விளங்குச்சு. தோழி ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சு, "நான் அஸூலாவை நல்லவன்னு சொல்லலடா"ன்னா. "தெரியும்"னான் அவன்.

யோசிச்சுப் பாருங்க, 'வில்லன் பாவம்'னு நாம சொல்றப்போ மூணு தனித்தனிச் சமாசாரத்தை ஒரே தட்டுல போட்டுக் குழப்புறோம். இரக்கம் ஒண்ணு. மன்னிப்பு ஒண்ணு. மூணாவது, 'அவன் வில்லனே இல்லை, கதை சொன்னவன் ஏமாத்திட்டான்'னு தீர்ப்பையே திருத்துறது.

மூணாவதுக்கும் இதே மண்ணுல ஆள் இருந்தாங்க. பாண்டியில தங்கியிருந்தப்பதான் பாரதி பாஞ்சாலி சபதம் எழுதினார்; முதல் பாகம் 1912-ல வந்துச்சு. அது திரௌபதியோட கோபம். அவரைக் குருவா ஏத்துக்கிட்ட பாண்டிச்சேரிக்காரர் பாரதிதாசன், இரணியனை எடுத்துக்கிட்டு 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்'னு நாடகம் போட்டார். 1934-ல மேடை ஏறுச்சு. அதுல இரணியன் அசுரன் இல்லை, தமிழ் மன்னன். புலவர் குழந்தை 1946-ல 'இராவண காவியம்' எழுதி ராவணனைக் காவிய நாயகன் ஆக்கினார். 1948-ல அரசாங்கம் தடை போட்டு, 1971-லதான் தடை நீங்குச்சு. ஒரு வில்லனுக்காக இருபத்து மூணு வருஷம்! இவங்க யாரும் 'ஐயோ பாவம், விட்டுடுங்க'ன்னு கேட்கல. வழக்கையே மறுபடி விசாரிக்கச் சொன்னாங்க. ஒத்துக்கிறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம். ஆனா அஸூலாவுக்கு இந்த வக்கீல்கள் உதவ மாட்டாங்க. அவ செஞ்சதை நாமளே கண்ணால பார்த்துட்டோமே.

துரியோதனனுக்குக் கேரளாவுல கோயிலே இருக்கு, தெரியுமா? கொல்லம் மாவட்டம் பொருவழியில, பெருவிருத்தி மலநடை. சிலை கிடையாது. தாகத்தோட வந்தவனுக்கு அந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி கள்ளு கொடுத்தா, அதைச் சாதி பார்க்காம வாங்கிக் குடிச்சான்னு கதை. இன்னிக்கும் கள்ளு படைக்கிறாங்க. நம்ம பக்கமும் அவனோட நல்ல குணத்தை மறைக்கிறது இல்லை. அவன் மனைவியோட சொக்கட்டான் ஆடின கர்ணன் கை பட்டு முத்து சிதறினப்போ, சந்தேகமே படாம 'பொறுக்கித் தரவா, கோத்துத் தரவா'ன்னு கேட்ட நட்பை 1964-ல வந்த 'கர்ணன்' படத்துல பார்த்திருப்பீங்க, அசோகன்தான் துரியோதனன். அந்த நட்புக்காக அழலாம், கள்ளும் படைக்கலாம். சபையில நடந்தது நடந்ததுதான்.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு ஆயா அரிசி ட்ரம்மைத் திறந்தாங்க. அரிசி மேல ஒரு மண்ணாங்கட்டி! படுகளம் முடிஞ்சதும் ஜனங்க முட்டி மோதி துரியோதனன் உடம்புல இருந்து மண்ணு எடுத்தாங்களே, அதுதான். நெல்லுல போட்டு வெச்சா குறையாதாம். "அவன் மேல அவ்ளோ கோவம், அவன் மண்ணு மட்டும் எதுக்கு ஆயா?"ன்னு நண்பன் வம்பு இழுத்தான்.

"ராசா வூட்டு மண்ணு. எதுக்குடா வேஸ்ட் பண்ணணும்?" என்றபடி எங்க நாலு பேருக்கும் ரெண்டு ரெண்டு படி அரிசி அளந்து போட்டாங்க.

நீங்களும் போகணும்னா சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் இந்தப் பக்கத்துக் கோயில் சுவர் போஸ்டர்களைப் பார்த்துக்கிட்டே இருங்க; தேதி ஊருக்கு ஊர் மாறும். படுகளத்துக்கு மட்டும் போகாம முந்தின ராத்திரியே போயிடுங்க. உட்கார ஒரு பழைய பெட்ஷீட், கொசுவர்த்தி, ஒரு ஃப்ளாஸ்க் டீ அவசியம். மேடைக்குப் பக்கத்துல இடம் பிடிக்கிறேன்னு ஆயாக்களை மறைச்சு உட்காராதீங்க, திட்டு விழும். எங்களுக்கு விழுந்துச்சு.