நிலக்கரி ஊரில் இறங்கிய பறக்கும் தட்டு! துப்பாக்கி கேமைப் பார்க்க பனியில் வரிசை கட்டியது ஏன்?

போலந்தின் தெற்குப் பகுதியில் இருக்கிறது கட்டோவீட்சே. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், எந்த ஊரிலும் இருக்கும் ஒரு ஷாப்பிங் மால்தான் முதலில் கண்ணில் படும். 'இதற்காகவா இவ்வளவு தூரம்?' என்று யோசிக்க வேண்டாம். சந்தைச் சதுக்கத்தைத் தாண்டி, டிராம் போகும் சாலையிலேயே ஒரு கால் மணி நேரம் நடந்தால், பெரிய ரவுண்டானா ஒன்று வரும். அதற்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஒரு பறக்கும் தட்டு இறங்கி நிற்கிறது!

பெயர் 'ஸ்போடெக்'. காபி கப்புக்குக் கீழே வைப்போமே, அந்த சாஸருக்கு போலிஷ் மொழியில் அதுதான் பெயர். 1971-ல் திறக்கப்பட்ட உள்விளையாட்டு அரங்கம். 11,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1976-ல் இங்கே நடந்த ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப்பில், அன்று யாராலும் அசைக்க முடியாது என்று நினைக்கப்பட்ட சோவியத் யூனியனை போலந்து 6-4 என்று தோற்கடித்தது. அந்த நாட்டு விளையாட்டு வரலாற்றில் இன்றும் பேசப்படும் இரவு அது.

ஆனால், உலகம் முழுக்க இருக்கும் இளசுகளுக்கு இந்த அரங்கம் தெரிந்ததற்குக் காரணம் ஹாக்கி இல்லை. 2013-ல் தொடங்கி 2025 வரை, கொரோனா காலம் நீங்கலாக, ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கே 'இன்டெல் எக்ஸ்ட்ரீம் மாஸ்டர்ஸ்' என்ற வீடியோ கேம் போட்டி நடந்தது. 2014 முதல் அதன் நாயகன், 'கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்' என்ற துப்பாக்கி கேம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். கம்ப்யூட்டரில் சுட்டுக்கொள்கிறார்கள். இதைப் பார்க்க டிக்கெட் வாங்கி, பனியில் வரிசையில் நிற்பார்களா என்று கேட்டால், நின்றார்கள்!

ஏன் என்று புரிய வேண்டுமென்றால், முதலில் ஊரைக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

கட்டோவீட்சே, நிலக்கரியால் வளர்ந்த ஊர். ஸ்போடெக்குக்குப் பக்கத்திலேயே ஒரு சுரங்கம் இருந்தது. அது மூடப்பட்ட பிறகு, அதே இடத்தில் 2015-ல் சைலீசிய அருங்காட்சியகத்தின் புதிய கட்டடத்தைத் திறந்தார்கள். மேலே கண்ணாடிப் பெட்டிகள் மாதிரி சில அமைப்புகள் மட்டும் தெரியும். கண்காட்சிக் கூடங்களில் பெரும்பகுதி பூமிக்கு அடியில். சுரங்கத் தொழிலாளர்கள் இறங்கிய திசையிலேயே பார்வையாளர்களும் இறங்குகிறார்கள்! அருகிலேயே ஓர் இசை அரங்கம், அப்புறம் சர்வதேச மாநாட்டு மையம். இந்த மையத்தின் கூரைக்கு நடுவே புல் வளர்ந்த பாதை போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம். 2018-ல் ஐ.நா-வின் பருவநிலை மாநாடு நடந்தது இந்த வளாகத்தில்தான். நிலக்கரி ஊரில் பருவநிலை மாநாடு. அந்த முரணை அப்போது எழுதாத பத்திரிகை இல்லை.

கொஞ்சம் தள்ளிப் போனால் நிகிஷோவியெட்ஸ். நூறு வருடங்களுக்கு முன்பு சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. சிவப்புச் செங்கல் வீடுகள், ஜன்னல் ஓரங்களில் சிவப்பு பெயின்ட், வீடுகள் சுற்றி நிற்க நடுவில் முற்றம், ஒரு முற்றத்திலிருந்து வெளியேற வளைவான வாசல். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆடுபவர் யாராவது இங்கே வந்தால், அவர் கண் தானாகவே மூலைகளைத் தேடும். 'இந்த வளைவுக்குப் பின்னால் ஒருத்தன் நின்றால் எங்கிருந்து பார்க்கலாம்?' என்று மனசு கணக்குப் போடும். அவர்கள் ஆடும் களங்களும் இப்படித்தான் இருக்கும்.

களத்தை அவர்கள் 'மேப்' என்கிறார்கள். 'டஸ்ட் 2' என்ற மேப்பை டேவ் ஜான்ஸ்டன் என்பவர் 2001-ல் உருவாக்கினார். இத்தனை வருடங்களில் மெருகேற்றினார்களே தவிர, தெருக்கள் பெரும்பாலும் அதேதான். 'இன்ஃபெர்னோ' என்ற மேப்பில் வளைந்து போகும் ஒரு சந்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'பனானா'. வாழைப்பழ வளைவு! நம் ஊரில் 'பிள்ளையார் கோயில் முக்கு' என்று சொல்வதுபோல, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதனால், 'இடம் தெரியாமல் மாட்டிக்கொண்டேன்' என்று தோற்றவர் சொல்லவே முடியாது. இடம் எல்லோருக்கும் தெரியும்.

துப்பாக்கி கேம்கள் எத்தனையோ வருகின்றன, போகின்றன. இது மட்டும் 1999-லிருந்து தாக்குப்பிடிக்கிறது என்றால், தோற்றதற்கான காரணம் இதில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் அதன் உயிர். பப்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் எந்தத் துப்பாக்கி கிடக்கும், வட்டம் எங்கே சுருங்கும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. ஜாலியாக ஆட அது போதும், அதில் தப்பில்லை. ஆனால், பத்து வருடம் ஒருவர் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்ய, அதைவிட உறுதியான தரை வேண்டும்.

இங்கே துப்பாக்கிகூடப் படிக்கக்கூடியது. ஏ.கே-47-ல் 30 குண்டுகள். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் குண்டுகள் மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் ஆடும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கோடு. அந்தக் கோட்டுக்கு நேர்எதிராக மவுஸை இழுக்கக் கை பழக வேண்டும். ஓடிக்கொண்டே சுட்டால் குறி தப்பும். நின்றுதான் சுட வேண்டும். ஓடினால் காலடிச் சத்தம் எதிரிக்குக் கேட்கும். மெதுவாக நடந்தால் கேட்காது, ஆனால் நேரம் போகும். ஒரு ரவுண்டுக்கு இருப்பதோ 1 நிமிடம் 55 விநாடி. அதிர்ஷ்டமே கிடையாது என்று சொல்ல முடியாது. குண்டுகள் சில சமயம் மயிரிழையில் விலகிப் போகத்தான் செய்கின்றன. ஆனால், அதைக் குறை சொல்லியே ஒருவர் வருடம் முழுக்கத் தோற்க முடியாது.

குடும்பத்தில் பட்ஜெட் போடுபவர்களுக்கு இந்த கேமில் ரொம்பப் பிடிக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. பணம்! ஆளுக்கு 800 டாலரோடு தொடங்குவார்கள். கேமுக்குள் இருக்கும் பணம்தான், நிஜப் பணம் அல்ல. ஏ.கே-47 விலை 2,700. தூரத்திலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தும் 'ஆவ்ப்' ஸ்னைப்பர் துப்பாக்கி 4,750. ஜெயித்தால் அதிகம் கிடைக்கும். தொடர்ந்து தோற்றால், எழுந்து நிற்பதற்காக ஆறுதல் தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கையில் காசு இல்லாத ரவுண்டில் ஐந்து பேருமே ஒன்றும் வாங்காமல், வெறும் கைத்துப்பாக்கியோடு போய் வேண்டுமென்றே தோற்பார்கள். அடுத்த ரவுண்டில் எல்லோரும் நல்ல துப்பாக்கி வாங்கலாமே! மாசக் கடைசியில் செலவை இழுத்துப் பிடித்து, ஒன்றாம் தேதிக்குக் காத்திருக்கும் அதே கணக்கு. ஒருவர் மிச்சம் வைத்த பணத்தில் நண்பருக்குத் துப்பாக்கி வாங்கித் தருவதும் உண்டு.

கபடியில் அவுட் ஆனவர் வெளியே உட்காருவதுபோல, இதில் செத்தவர் அந்த ரவுண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். உடனே உயிர் பெற்று ஓடி வர முடியாது. கபடியிலாவது நம் ஆள் ஒரு பாயின்ட் எடுத்தால் உள்ளே வரலாம், இங்கே அதுவும் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு உயிருக்கும் விலை இருக்கிறது. ஒரு டீமில் ஒரே ஒருவர் மிச்சம், எதிரே மூன்று பேர். குண்டு வைத்தாகிவிட்டது, 40 விநாடியில் வெடிக்கும். அதைச் செயலிழக்க வைக்க 10 விநாடி தேவை. 400 டாலர் கொடுத்து கருவி வாங்கியிருந்தால் 5 விநாடி போதும். அவர் முன்னே போகலாம். அல்லது, ஜெயிக்க வழியில்லை என்று முடிவு செய்து, எங்காவது ஒளிந்து தன் துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சினிமாவில் இதற்குப் பெயர் கோழைத்தனம். இங்கே பல நேரங்களில் அதுதான் புத்திசாலித்தனம்.

அரங்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய திரையில் இரண்டு பக்கமும் தெரியும். புகைக்குப் பின்னால் எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்வையாளர்கள் அனைவருக்கும் தெரியும். ஆடுகிறவருக்கு மட்டும் தெரியாது. கூட்டத்தின் சத்தம் அவரை எட்டக் கூடாது என்பதற்காகவே, காதுக்குள் ஓர் இயர்போன், அதன்மேல் வெளிச்சத்தத்தை மறைக்கும் ஹெட்போன். கேமே தெரியாத ஓர் அப்பா மகனோடு வந்திருந்தால்கூட, அந்த 40 விநாடியில் என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிடும்.

2014-ல் அந்தக் கூட்டத்துக்குத் தங்கள் நாட்டு டீமே கிடைத்தது. போலந்து வீரர்கள் ஆடிய 'விர்டுஸ் ப்ரோ', சுவீடனின் பலம் வாய்ந்த 'நின்ஜாஸ் இன் பைஜாமாஸ்' டீமை இறுதிப்போட்டியில் 2-0 என்று வென்றது. அந்த டீமில் இருந்த நியோ, டாஸ் இருவரும் 2006-லேயே பழைய கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் உலகப் பட்டம் வென்றவர்கள். எட்டு வருடம் கழித்து, புது வெர்ஷனில், சொந்த நாட்டில் கோப்பை. பத்து வருடம் கழித்து, 2024-ல் இதே அரங்கில் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய 'டோங்க்' என்ற ரஷ்யப் பையனுக்கு வயது 17! அனுபவமும் ஜெயிக்கிறது, புது ரத்தமும் ஜெயிக்கிறது.

2020-ல் ஒரு விநோதம் நடந்தது. அரங்கப் போட்டிகள் தொடங்குவதற்கு முந்தைய நாள், கொரோனா பயத்தால் பார்வையாளர்களுக்கான அனுமதி ரத்தானது. ஊருக்கே வந்து சேர்ந்திருந்த ரசிகர்கள் வெளியே நிற்க, காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆட்டம் நடந்தது. 'நாவி' டீம் 3-0 என்று கோப்பையை வென்றது. கைதட்ட யாருமே இல்லாமல் ஆடிய அந்தப் போட்டியில், 'சிம்பிள்' என்ற உக்ரைன் வீரரின் ஆட்டத்தை ரசிகர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. இது பெரியவர்களுக்கான கேம். துப்பாக்கிக்குப் பூசும் டிசைன்களுக்கும் ஸ்டிக்கர்களுக்கும் நிஜப் பணம் புழங்குகிறது. அதை வாங்கினால் ஆட்டத்தில் எந்தச் சலுகையும் கிடையாது, வெறும் அழகுதான். இருந்தும், 2014 கட்டோவீட்சே போட்டியின் அரிய ஸ்டிக்கர்கள் சில பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாத சூதாட்டச் சுவையும் அதில் இருக்கிறது. ஆட்டம் நேர்மையானது என்பதற்காக, அதைச் சுற்றி நடக்கும் வியாபாரமும் நேர்மையானது என்று நம்ப வேண்டியதில்லை.

2026-ல் போட்டி, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் க்ராகோவுக்கு இடம் மாறிவிட்டது. அங்கே அரங்கம் இன்னும் பெரியது. ஸ்போடெக்கில் கச்சேரிகளும் மற்ற விளையாட்டுகளும் தொடர்கின்றன. நேரம் இருந்தால் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கும் பழைய சுரங்கக் கோபுரத்துக்குப் போய் வாருங்கள். முன்பு ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய கோபுரம், இப்போது லிஃப்ட் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் பறக்கும் தட்டு முழுசாகத் தெரியும். இறங்கி வந்ததும், நடுவில் குழி வைத்த சைலீசிய உருளைக்கிழங்கு உருண்டையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். குழம்பு தங்குவதற்குத்தான் அந்தக் குழி!