சொல்லாமல் யாரும் போகாத தீவு

பெயர் என்ன? பிறந்த நாள் எது? பூமியின் வட பாதியா, தென் பாதியா? இந்த நாலு வரைபடங்களில் எந்தத் தீவு பிடித்திருக்கிறது? விமான நிலையக் கவுன்டரில் கேட்பது இவ்வளவுதான். விசா கிடையாது. பெட்டியை எடை போடுவதும் கிடையாது. சற்று நேரத்தில் ஒரு கடல் விமானம் ஆளில்லாத தீவு ஒன்றில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அந்த விமானக் கம்பெனியை நடத்துவது டோடோ பறவைகள். பறக்கத் தெரியாத, 17-ம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன இனம்!

இந்தத் தீவை உலக வரைபடத்தில் தேட வேண்டாம். நின்டெண்டோ நிறுவனத்தின் 'ஸ்விட்ச்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் திரைக்குள் இருக்கிறது. விளையாட்டின் பெயர் 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைஸன்ஸ்'. 2020 மார்ச் 20 அன்று வெளியாகி, இதுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. சுடுவது, துரத்துவது, ஜெயிப்பது, தோற்பது எதுவும் இதில் இல்லை. வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம், பக்கத்து வீட்டாரோடு பேசலாம். 'வாழ்க்கை விளையாட்டு' என்று சொல்லப்படும் வகை. இவ்வளவு சாதாரணமான ஓர் ஊருக்குக் கோடிக்கணக்கானோர் ஏன் குடிபோனார்கள்? கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம்.

கட்டாவிட்டாலும் கேட்காத கடன்

முதல் நாள் இரவு ஒரு கூடாரமும், குளிர்காய நெருப்பும்தான். கூடவே வந்து இறங்கிய இரண்டு விலங்குகள்தான் அக்கம்பக்கத்தார். மறுநாள் பில் வருகிறது. குடிவந்த செலவு 49,800 பெல். பெல் என்பது இந்த ஊர்ப் பணம். பணமாகக் கொடுக்க முடியாவிட்டால், களை பிடுங்குவது, மீன் பிடிப்பது போன்ற சின்னச் சின்ன வேலைகள் செய்து சேர்க்கும் 5,000 மைல் புள்ளிகளாகவும் கொடுக்கலாம்.

பில்லை நீட்டுபவர் டாம் நூக். ஜப்பானியக் காடுகளில் வாழும் டனுகி என்ற விலங்கு. பார்க்க ரக்கூன் போல இருந்தாலும் நாய்க் குடும்பம். ஊரின் முதலாளி, பில்டர், கடன் கொடுப்பவர் எல்லாம் அவரேதான். கூடாரத்தை வீடாக மாற்ற 98,000 பெல் கடன் தருகிறார். அறை கூடக் கூடக் கடனும் கூடும். கடைசிக் கடன் 24,98,000 பெல்!

ஆனால் வட்டி இல்லை. தவணைத் தேதி இல்லை. பத்து வருடம் கட்டாமல் இருந்தாலும் வாசலில் வந்து சத்தம் போட ஆள் இல்லை. மரத்தைக் குலுக்கிப் பழம் விற்றும், கடற்கரையில் சிப்பி பொறுக்கியும் மெதுவாகக் கட்டலாம். வீட்டுக்கடன் தவணை வரும் தேதியை நினைத்துத் தூக்கம் கெட்டவர்களுக்கு இந்தத் தீவின் காற்று ஏன் இதமாக இருக்கிறது என்பது இங்கேயே பாதி புரிந்துவிடும்.

நிஜக் கடிகாரம்

இந்த ஊரில் நேரம் நம் நேரம்தான். நம் வீட்டில் மாலை என்றால் அங்கேயும் மாலை. கடை காலை 8 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கும். வேலை முடிந்து பத்தே காலுக்குப் போய் நின்றால் பூட்டிய கதவுதான். வட பாதியில் குடியேறியவர்களுக்கு ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூக்கும், டிசம்பரில் பனி கொட்டும். சனிக்கிழமை மாலை கிடார் ஏந்திய வெள்ளை நாய் ஒன்று வந்து பாடும். சீலகாந்த் மீன் மழை நாளில் மட்டுமே கிடைக்கும். அதற்காக மழைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு.

பொறுமை இல்லாதவர்கள் கருவியின் கடிகாரத்தைத் திருகி நாளைக்கே போய்விடுகிறார்கள். அது குற்றம் இல்லை. ஆனால் காத்திருந்து பெற்ற பூவுக்கும், கடிகாரத்தைத் திருகிப் பெற்ற பூவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். கடிகாரத்தைத் திருகத் தொடங்கியவர்களுக்கு ஊர் சீக்கிரம் அலுத்துப்போகிறது.

ஆந்தையின் அருங்காட்சியகம்

ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அருங்காட்சியகம். காப்பாளர் பிளாதர்ஸ் ஓர் ஆந்தை. பூச்சி என்றாலே அவருக்கு நடுக்கம். இருந்தாலும் யார் கொண்டுவந்து கொடுத்தாலும் முகம் சுளித்தபடியே வாங்கி, அதைப் பற்றி விளக்கமும் சொல்வார். 80 மீன்கள், 80 பூச்சிகள், கடலுக்கடியில் மூழ்கி எடுக்கும் 40 உயிரினங்கள், மண்ணைத் தோண்டி எடுக்கும் 73 புதைபடிவங்கள் என்று ஊரார் கொண்டுவரக் கொண்டுவரக் காலி அறைகள் நிரம்பும்.

ஓவியப் பிரிவுக்கு மட்டும் கவனம் தேவை. படகில் வரும் நரி வியாபாரி உலகப் புகழ்பெற்ற ஓவியங்களின் அசலையும் போலியையும் கலந்து விற்பான். மோனாலிசாவின் புருவம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் ஏமாந்துதான் வருவார்கள்! பத்து வயதுக் குழந்தைகள்கூட அசல் ஓவியத்தைத் தேடிப் பார்த்து ஒப்பிடுவது இந்த நரியின் புண்ணியத்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை

ஞாயிறு காலை 5 மணியிலிருந்து பகல் 12 மணி வரை டெய்சி மே என்ற காட்டுப்பன்றிக் குட்டி தலையில் டர்னிப் கிழங்கோடு ஊரைச் சுற்றி வரும். ஒரு கிழங்கு 90 முதல் 110 பெல். வாங்கிவைத்தால், திங்கள் முதல் சனி வரை கடையில் தினமும் இரண்டு விலை சொல்வார்கள். காலையில் ஒன்று, மதியத்துக்குப் பிறகு ஒன்று. ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம். அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் அத்தனையும் அழுகிவிடும். ஜப்பானிய மொழியில் 'கபு' என்றால் டர்னிப். பங்குச்சந்தைப் பங்குக்கும் 'கபு' என்றே பெயர். அந்தச் சிலேடைதான் இந்தச் சந்தை. 'இன்னும் ஏறும்' என்று காத்திருந்து கைசுட்டுக்கொள்ளும் பாடத்தை நிஜப் பணம் போகாமல் படிக்க ஏற்ற இடம்.

கியோட்டோவில் ஒரு தனிமை

இந்த ஊர் பிறந்த கதை ஜப்பானின் கியோட்டோ நகரில் இருக்கிறது. கட்சுயா எகுச்சி டோக்கியோவுக்குக் கிழக்கே உள்ள சிபா பகுதிக்காரர். 1986-ல் நின்டெண்டோவில் வேலை கிடைத்து, சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கியோட்டோவுக்கு வந்தார். குடும்பமும் நண்பர்களும் ஊரோடு நின்றுவிட்டார்கள். நினைத்தால் போய்ப் பார்த்துப் பேச முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் தனக்கு உறைத்ததாகவும், அந்த நெருக்கத்தைத் திரும்ப உண்டாக்கிப் பார்க்கும் ஆசைதான் இந்த விளையாட்டின் விதை என்றும் அவர் பிற்காலத்துப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். வேலை முடிந்து அவர் வீடு திரும்ப ரொம்ப நேரம் ஆகிவிடும். வீட்டில் இருப்பவர்களும் விளையாடுகிறார்கள், அலுவலகத்தில் அவருக்கும் விளையாட்டே வேலை, ஆனால் சேர்ந்து விளையாட நேரம் வாய்ப்பதில்லை. வேறு வேறு நேரத்தில் வந்தாலும் ஒரே ஊரில் வாழ்கிற மாதிரி ஒன்று இருந்தால்? அப்படித்தான் 2001 ஏப்ரலில் ஜப்பானில் முதல் பதிப்பு வந்தது. தமிழில் சொன்னால் 'விலங்குகளின் காடு' என்று பெயர்.

இதே வகையில் பெயர்பெற்ற 'த சிம்ஸ்' பிறந்ததும் ஓர் இழப்பில்தான். 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய தீ 25 உயிர்களையும் ஆயிரக்கணக்கான வீடுகளையும் கொண்டுபோனது. அதில் வீட்டை இழந்தவர்களில் ஒருவர் வில் ரைட். ஒரு வாழ்க்கையை முதலிலிருந்து கட்ட என்னென்ன பொருள் வேண்டும் என்று யோசிக்க நேர்ந்த அவரிடமிருந்து 2000-ல் அந்த விளையாட்டு வந்தது. அந்த ஊரில் பசி உண்டு, சாவும் உண்டு. எகுச்சியின் ஊரில் இரண்டும் இல்லை. குளவி கொட்டினால் முகம் வீங்கும். தேள் கொட்டினால் மயங்கி, வீட்டு வாசலில் கண்விழிக்கலாம். அதிகபட்ச ஆபத்தே அவ்வளவுதான்.

ஊரடங்கில் ஓர் ஊர்

விளையாட்டு வெளியான நாளில் உலகம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. இந்தியாவில் ஊரடங்கு தொடங்க ஐந்து நாள்கள் இருந்தன. மண்டபத்தில் நடக்க முடியாத கல்யாணங்களைச் சிலர் இந்தத் தீவில் நடத்தினார்கள். மாணவர்கள் பட்டமளிப்பு விழா வைத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவின் மான்டரே பே கடல்வாழ் உயிரினக் காட்சியகம் மூடியிருந்த நேரத்தில், அதன் ஊழியர்கள் பிளாதர்ஸின் அருங்காட்சியகத்தைச் சுற்றிக்காட்டி மீன்களைப் பற்றி நேரலையில் பேசினார்கள்.

வெளி உலகமும் உள்ளே நுழைந்தது. ஹாங்காங் போராட்டக்காரர்கள் தீவில் பதாகை வைத்தார்கள். 2020 ஏப்ரலில் சீன இணையக் கடைகளின் பட்டியலிலிருந்து விளையாட்டு மறைந்தது. அதே ஆண்டு ஜோ பைடனின் தேர்தல் பிரசாரமும் தீவுக்கு வந்தது. சொர்க்கத்துக்குப் போனாலும் தேர்தல் விடாது போலிருக்கிறது!

எங்கே முடிகிறது?

இந்த ஊரில் அதிகபட்சம் பத்து விலங்குக் குடும்பங்கள்தான் இருக்கலாம். எட்டு வகைச் சுபாவங்கள். முதல் மாதம் ஒவ்வொரு பேச்சும் புதிது. மூன்றாம் மாதம் அதே வாக்கியம் வேறு வாயிலிருந்து வரும். உங்கள் பிறந்தநாளுக்கு விருந்து வைப்பார்கள். சில மாதம் போகாமல் இருந்தால் ஊரெல்லாம் களை மண்டும், வீட்டில் கரப்பான் ஓடும், 'எங்கே போயிருந்தீர்கள்?' என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். நெஞ்சைத் தொடும்தான். ஆனால் அவர்களுக்கு வயதாகாது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்லமாட்டார்கள். கைமாற்று கேட்கமாட்டார்கள்.

ஊரைவிட்டுப் போக நினைக்கும் விலங்கு முதலில் உங்களிடம் வந்து கேட்கும். 'போகாதே' என்றால் நின்றுவிடும். பழைய பதிப்புகளில் இப்படி இல்லை. சில நாள் எட்டிப் பார்க்காமல் இருந்தால், சொல்லிக்கொள்ளாமலே பக்கத்து வீடு காலியாகிவிடும். புதிய பதிப்பு அந்த வலியையும் எடுத்துவிட்டது.

தீவின் இதமும் எல்லையும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. நிஜத்தில் வேலைக்காகப் போகிற பிள்ளை, மணமாகிப் போகிற பெண், திடீரென்று போய்விடுகிற பெரியவர் யாரும் நம் அனுமதிக்காக நிற்பதில்லை. நம்மை விட்டுப் போக முடியாதவர்களோடு இருப்பது ஓய்வு. அதையே உறவு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

ஆராய்ச்சிகளும் அளவோடுதான் பேசுகின்றன. 2020-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த விளையாட்டை அதிக நேரம் ஆடியவர்கள் சற்றே கூடுதல் மனநிறைவோடு இருப்பதாகக் கண்டார்கள். 2022-ல் ஏழு விளையாட்டுகள், சுமார் 39,000 பேர் என்று பெரிய அளவில் பார்த்தபோது, ஆடிய நேரத்தால் நன்மையோ தீமையோ பெரிதாக இல்லை என்று தெரிந்தது. விரும்பி ஆடுகிறார்களா, ஆடாமல் இருக்க முடியவில்லை என்று ஆடுகிறார்களா என்பதே முக்கியமாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* ஒரு கருவிக்கு ஒரே தீவுதான். வீட்டில் எட்டுப் பேர் வரை குடியேறலாம். ஆனால் பாலம் எங்கே, கடை எங்கே என்று முடிவெடுக்கும் உரிமை முதலில் போனவருக்கு மட்டும். அண்ணன் தங்கை இருக்கும் வீட்டில் முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

* தீவு போனில் கிடைக்காது. போனுக்கென்று 2017-ல் வந்த 'பாக்கெட் கேம்ப்' சேவை 2024 நவம்பர் இறுதியில் மூடப்பட்டது. ஒரே முறை பணம் கட்டி வாங்கும் தனிப் பதிப்பு மட்டும் இருக்கிறது. திரைக்குள் இருக்கும் ஊர்களை நிறுவனம் நினைத்தால் மூடிவிடலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* வெளியூர்த் தீவுகளுக்குப் போக இணையச் சந்தா தேவை. குழந்தைகளின் தீவுக்குத் தெரிந்தவர்களை மட்டும் அனுமதியுங்கள்.

* தினம் அரை மணி நேரம் போதும். கடை அடைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தால் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

* தனியாகப் போவதைவிட வீட்டோடு போவது நல்லது. ஒருவர் மாலையில் நட்ட செடிக்கு இன்னொருவர் இரவில் தண்ணீர் ஊற்றலாம். ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, பரிசும் சேர்த்துத் தபாலில் போடலாம்.

கியோட்டோவில் வேலை முடிந்து இரவு தாமதமாக வீடு திரும்பியவர் நினைத்ததும் இதைத்தான். பகலில் பிள்ளைகள் போட்ட கடிதம் இரவில் அப்பாவின் தபால் பெட்டியில் இருக்க வேண்டும். அதற்கு அவர் எழுதும் பதில், காலையில் அவர்கள் எழுந்து பார்க்கும்போது வந்திருக்க வேண்டும்.